உடல்நலச் செயலிகளில் பயனர் திருப்தி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாத்திரை நினைவூட்டல், இரத்த அழுத்தப் பதிவேடு, சர்க்கரை அளவுக் குறிப்பு, நடை எண்ணிக்கை, மருத்துவரோடு உரையாடல் என்று உடல்நலச் செயலிகளில் வசதிகள் பல. பயனர்களுக்கு அவற்றில் எது பிடித்திருக்கிறது, எது பிடிக்கவில்லை என்று கண்டறிய முனைவோர் திரும்பத் திரும்பக் கேட்கும் ஐயங்கள் இங்கே அவரவர் சொற்களிலேயே உள்ளன. செயலி உருவாக்குவோர், ஆய்வு மாணவர்கள், மருத்துவமனைத் திட்டப் பொறுப்பாளர்கள் ஆகியோரை மனத்தில் வைத்துப் பதில்கள் எழுதப்பட்டுள்ளன.

எங்க ஆப்புக்கு 4.6 நட்சத்திரம் இருக்கு. திருப்தியைத் தனியா வேற அளக்கணுமா?

அளக்க வேண்டும். நட்சத்திரம் செயலி முழுவதற்கும் சேர்த்துப் போடும் ஒரே மதிப்பெண். நினைவூட்டல் பிரமாதமாக இருந்து, அறிக்கையைப் பதிவிறக்கும் வசதி படுமோசமாக இருந்தாலும் ஒருவர் நான்கு நட்சத்திரம் போட்டுவிட்டுப் போய்விடுவார். அடுத்த மாதம் எதைத் திருத்துவது என்று அந்த நான்கு உங்களுக்குச் சொல்லாது.

மிகவும் பிடித்தவர்களும் மிகவும் கோபப்பட்டவர்களும்தான் செயலியைப் பதிவிறக்கும் கடைப்பக்கத்துக்குப் போய் எழுதுகிறார்கள். இடையில் இருக்கும் பெருங்கூட்டம் பேசுவதே இல்லை. நட்சத்திரத்தை விட, அதற்குக் கீழே எழுதப்படும் வரிகளுக்கு மதிப்பு அதிகம். மாதத்துக்கு ஒருமுறை அவற்றை வசதிவாரியாகப் பிரித்து எண்ணிப் பாருங்கள்.

சரி, வசதிவாரியா கேட்கணும்னா என்ன கேட்கறது, எப்போ கேட்கறது?

வேலை முடிந்த கையோடு ஒரே ஒரு கேள்வி போதும்: “இந்தப் பதிவைச் செய்வது எவ்வளவு எளிதாக இருந்தது?” 1 முதல் 7 வரை அளவுகோல், கீழே விரும்பினால் எழுத ஒரு வரி இடம். இரத்த அழுத்தப் பதிவைப் பற்றிய கேள்வியை அதைச் சேமித்த உடனே கேட்க வேண்டும். இரண்டு வாரம் கழித்துக் கேட்டால், நினைவில் நிற்கும் கடைசி எரிச்சலுக்குத்தான் மதிப்பெண் விழும்.

ஒருவரிடம் மாதத்துக்கு ஒரு முறைக்கு மேல் கேட்காதீர்கள். அளவு ஆபத்தான எல்லையில் பதிவான அந்த நிமிடத்தில் எதுவுமே கேட்காதீர்கள். 180/120 என்ற எண்ணைப் பார்த்துப் பதறுகிறவரிடம் “எங்கள் செயலி எப்படி?” என்று கேட்பது அவர் மனத்தைப் புண்படுத்தும்.

எந்தக் கேள்வித்தாளைப் பயன்படுத்தலாம்? எஸ்யூஎஸ், மார்ஸ், எம்ஏயூகியூ என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

மூன்றும் மூன்று வேலைக்கு. எஸ்யூஎஸ் (SUS) என்பது ஒரு கருவியைப் பயன்படுத்துவது எவ்வளவு எளிது என்று அளக்க ஜான் புரூக் 1986-இல் உருவாக்கிய பத்துக் கேள்விகள். எந்தக் கருவிக்கும் பொருந்தும், இரண்டு நிமிடத்தில் முடியும், பழைய பதிப்பையும் புதிய பதிப்பையும் ஒப்பிட ஏற்றது. உடல்நலம் பற்றி அதில் ஒரு வார்த்தை கூட இல்லை.

மார்ஸ் (MARS) 2015-இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் உருவானது. ஈர்ப்பு, இயக்கம், தோற்றம், தகவலின் தரம் ஆகியவற்றை அளக்கும் 23 கூறுகள் கொண்டது. பயிற்சி பெற்ற மதிப்பீட்டாளர் நிரப்ப வேண்டிய தாள் அது. அதைப் பயனர்களிடம் அப்படியே நீட்டுவதுதான் நாம் பார்க்கும் ஆய்வேடுகளில் அதிகம் நடக்கும் தவறு. பயனர்களுக்கென்றே சுருக்கிய யூமார்ஸ் 2016-இல் வந்தது. அதில் 20 கூறுகள்.

எம்ஏயூகியூ (MAUQ) உடல்நலச் செயலியைப் பயன்படுத்துவது எவ்வளவு எளிது என்று கேட்கும் தாள்; 2019-இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்டது. நோயாளிக்கு ஒன்று, மருத்துவப் பணியாளருக்கு ஒன்று எனவும், தனித்து இயங்கும் செயலிக்கு ஒன்று, இருவரும் பேசிக்கொள்ளும் செயலிக்கு ஒன்று எனவும் நான்கு வடிவங்கள் உண்டு. உங்கள் செயலியில் மருத்துவரோடு உரையாடும் வசதி இல்லையென்றால் தனித்து இயங்கும் வடிவத்தையே எடுங்கள். இல்லாத வசதியைப் பற்றிக் கேட்டால் பலர் நடுவில் ஒரு எண்ணைத் தட்டிவிட்டு நகர்வார்கள், சராசரி கெட்டுப்போகும்.

எஸ்யூஎஸ்-ல 70 வந்தா 70 சதவீதம் பேருக்குத் திருப்தின்னு எழுதலாமா?

கூடாது. அது சதவீதமே கிடையாது. ஒவ்வொரு கேள்விக்கும் விடை 1 முதல் 5 வரை. கணக்கு இப்படி: ஒற்றைப்படைக் கேள்விகளின் விடையிலிருந்து 1-ஐக் கழியுங்கள்; இரட்டைப்படைக் கேள்விகளின் விடையை 5-லிருந்து கழியுங்கள்; பத்தையும் கூட்டி 2.5-ஆல் பெருக்குங்கள். ஒருவர் வரிசையாக 4, 2, 5, 1, 4, 2, 4, 2, 5, 3 என்று குறித்திருந்தால் ஒற்றைப்படையில் 17, இரட்டைப்படையில் 15, கூட்டினால் 32, மதிப்பெண் 80.

பல நூறு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் சராசரி 68 என்ற கணக்கு பரவலாக ஏற்கப்பட்டுள்ளது. ஆக 70 என்றால் சராசரியை ஒட்டி நிற்கிறீர்கள், அவ்வளவுதான். பத்துக் கேள்விகளில் ஒவ்வொன்றையும் தனியாக எடுத்து “ஏழாவது கேள்வியில் குறைவு, ஆகவே பயிற்சி வசதி மோசம்” என்று முடிவுகட்டவும் கூடாது. மொத்த மதிப்பெண்ணுக்காக அமைக்கப்பட்ட தாள் அது.

கேள்விகளைத் தமிழில் மொழிபெயர்த்துக் கொடுத்தோம். விடைகள் முன்னுக்குப் பின் முரணாக இருக்கின்றனவே?

பெரும்பாலும் எதிர்மறைக் கேள்விகளில்தான் கோளாறு. எஸ்யூஎஸ் தாளில் ஒன்றுவிட்டு ஒன்று எதிர்மறை. “தேவையில்லாத சிக்கல் உள்ளதாக நான் கருதவில்லை” என்று மொழிபெயர்த்துவிட்டு, அதற்கு “உடன்படவில்லை” என்று விடையும் வைத்தால் படிப்பவர் மூன்று முறை தலையைச் சுற்ற வேண்டும். “தேவையில்லாத சிக்கல் இருக்கிறது” என்று நேராக எழுதுங்கள், ஆம் இல்லை என்பதை விடை பார்த்துக்கொள்ளட்டும்.

இன்னொரு பொறி இரண்டாவது கேள்வியும் எட்டாவது கேள்வியும். மூலத்தில் ஒன்று அமைப்பின் சிக்கலைப் பற்றியது, மற்றது கையாளும்போது படும் அல்லலைப் பற்றியது. எட்டாவதில் உள்ள சொல் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்களுக்குப் புரியவில்லை என்று தெரியவந்து, பின்னாளில் எளிய சொல்லாக மாற்றிப் பயன்படுத்துகிறார்கள். தமிழில் இரண்டுக்கும் ‘சிக்கல்’ என்றே போட்டுவிட்டால் ஒரே கேள்வியை இருமுறை கேட்டதாகிவிடும். முதலாவதற்குச் ‘சிக்கல்’, பின்னதற்குக் ‘கையாளப் படாதபாடு’ என்பது போலப் பிரியுங்கள்.

இருவர் தனித்தனியே மொழிபெயர்த்து, ஒப்பிட்டு ஒன்றாக்கி, மூலத்தைப் பார்க்காத மூன்றாமவர் திருப்பி மொழிபெயர்த்துப் பார்ப்பது முறை. அதற்குப் பிறகு ஐந்தாறு பயனர்களை உட்காரவைத்து, ஒவ்வொரு கேள்வியையும் அவர்கள் சொந்தச் சொல்லில் திருப்பிச் சொல்லக் கேளுங்கள். பிழைகள் அதிகம் பிடிபடுவது இந்தக் கடைசிப் படியில்தான்.

எத்தனை பேரிடம் கேட்டால் போதும்?

எதற்காகக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்று பார்க்க, ஒவ்வொரு வகைப் பயனரிலும் ஐந்து பேர் திரையை இயக்கப் பக்கத்தில் இருந்து பார்த்தாலே முக்கியமான குறைகள் வெளிவரும். சதவீதம் சொல்ல வேண்டுமானால் கதை வேறு. 30 பேரில் 24 பேர் திருப்தி என்றால் 80 சதவீதம் என்று எழுதத் தோன்றும். உண்மையில் அது ஏறத்தாழ 63-லிருந்து 90 வரை எங்கும் இருக்கலாம். கூட்டல் கழித்தல் 5 சதவீதத்துக்குள் அடக்க வேண்டுமானால் 400 பேரை ஒட்டித் தேவை.

மூன்று மாதம் கழித்து எடுத்த ஆய்வில் 85 சதவீதம் திருப்தி வந்தது. நம்பலாமா?

யாரிடம் கேட்டீர்கள் என்பதை முதலில் பாருங்கள். ஆயிரம் பேர் நிறுவினார்கள், மூன்று மாதம் கழித்து 200 பேர் மிஞ்சினார்கள், அவர்களில் 170 பேர் திருப்தி என்றார்கள் என்று வைத்துக்கொள்வோம். 85 சதவீதம் சரிதான். ஆனால் தொடங்கியவர்களில் அது 17 சதவீதம். பிடிக்காதவர்கள் கேள்வி வருவதற்கு முன்பே போய்விட்டார்கள்.

உடல்நலச் செயலிகளில் இப்படி உதிர்வது இயல்பு. இணையவழி உடல்நல ஆய்வாளர் குந்தர் ஐசன்பாக் 2005-இலேயே இதை ‘உதிர்வு விதி’ என்று பெயரிட்டு எழுதினார். ஆகவே அறிக்கையில் இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். முடிந்தால் விலகியவர்களில் இருபது பேரிடமாவது, முன்பே அனுமதி வாங்கியிருந்தால், தொலைபேசியில் பேசுங்கள். எல்லோரும் கோபித்துக்கொண்டு போனவர்களாக இருக்க மாட்டார்கள். குணமாகிவிட்டதால் நிறுத்தியவர்களும் இருப்பார்கள். அது தோல்வி ஆகாது.

மாத்திரை நினைவூட்டல் வரவே இல்லைன்னு புகார் குவியுது. எங்க சோதனைப் போன்ல சரியா வருது. என்ன ஆகுது?

இந்தப் பக்கத்தில் அதிக நேரம் செலவிட வேண்டிய கேள்வி இது. வராத நினைவூட்டல் ஒரு வேளை மருந்தையே தவறவிடச் செய்யும். சோதனைப் போன் எப்போதும் மின்னேற்றத்தில், திரை எரிந்தபடி, எல்லா அனுமதிகளோடும் இருக்கும். பயனரின் போன் அப்படி இருப்பதில்லை.

ஆண்ட்ராய்டில் பார்க்க வேண்டியவை பல. 13-ஆம் பதிப்பு முதல் அறிவிப்பு காட்டவே பயனரின் அனுமதி வேண்டும். முதல் திரையிலேயே கேட்டால் பலர் மறுத்துவிடுவார்கள். 14-ஆம் பதிப்பில், புதிதாக நிறுவும் பெரும்பாலான செயலிகளுக்குத் துல்லிய நேர அலாரத்துக்கான அனுமதி தானாகக் கிடைப்பதில்லை. அது இல்லாதபோது எட்டு மணி அலாரம் பிந்தி வரும். 2015-இல் வந்த 6-ஆம் பதிப்பு முதலே, அசையாமல் கிடக்கும் போன் ஆழ்ந்த உறக்கத்துக்குப் போய்ப் பின்னணி வேலைகளைத் தள்ளிப்போடும். சில தயாரிப்பாளர்களின் மின்கலச் சேமிப்பு அதற்கும் மேலே போய்ச் செயலியையே நிறுத்திவிடும். போனை அணைத்து ஏற்றினால் அமைத்த அலாரங்கள் அழிந்துவிடும், செயலி அவற்றை மறுபடி அமைக்க வேண்டும். அதை எழுத மறந்தவர்கள் ஏராளம்.

ஐபோனில் வேறு வகைச் சிக்கல். ஒரு செயலி முன்கூட்டியே அடுக்கி வைக்கும் அறிவிப்புகளில் மிக அருகில் உள்ள 64-ஐ மட்டுமே அமைப்பு வைத்துக்கொள்ளும். நான்கு மருந்து, நாளுக்கு மூன்று வேளை, ஒவ்வொன்றுக்கும் தனி அறிவிப்பு என்றால் நாளுக்கு 12. ஐந்து நாள் தாண்டியதும், ஆறாம் நாளின் நடுவில் சத்தம் நின்றுவிடும். பயனர் இடையில் செயலியைத் திறந்தால் மீண்டும் நிரம்பும், திறக்காதவருக்குத்தான் பாதிப்பு. “ஒரு வாரம் நல்லா வந்துச்சு, அப்புறம் நின்னுபோச்சு” என்ற புகார் வந்தால் முதலில் இங்கே பாருங்கள். ஒரே வேளைக்கான மருந்துகளை ஒரே அறிவிப்பில் சேர்த்தால் நாளுக்கு 3 ஆகி 21 நாள் தாங்கும். நாள்தோறும் ஒரே நேரத்தில் வருவதைத் திரும்ப வரும் அறிவிப்பாக அமைத்தால் இந்தத் தொல்லையே இல்லை.

செயலிக்குள் “சோதனை நினைவூட்டல் அனுப்பு” என்று ஒரு பொத்தானும், எந்த அனுமதி இல்லை என்று காட்டும் ஒரு பக்கமும் வையுங்கள். இரண்டையும் எழுதிச் சேர்க்க அதிக நாள் ஆகாது. புகார் அனுப்பும் பயனருக்குப் பதில் சொல்லவும் அதுவே வழி.

அறிவிப்பு அதிகமானா எரிச்சல்ங்கறாங்க, குறைச்சா மறந்துபோச்சுங்கறாங்க. எது சரி?

இரண்டு பேரும் வெவ்வேறு அறிவிப்புகளைப் பற்றிப் பேசுகிறார்கள். மருந்து நேரம் ஒரு வகை. “இன்று தண்ணீர் குடித்தீர்களா?”, “புதிய கட்டுரை வந்துள்ளது” என்பவை இன்னொரு வகை. இரண்டும் ஒரே தடத்தில் வந்தால், பின்னதில் எரிச்சலுற்றவர் மொத்தத்தையும் அணைப்பார், மருந்து அறிவிப்பும் சேர்ந்து போகும். ஆண்ட்ராய்டில் இவற்றைத் தனித்தனி வகைகளாகப் பிரிக்க முடியும், பிரியுங்கள். மருந்து அறிவிப்பிலேயே “எடுத்துவிட்டேன்”, “15 நிமிடம் கழித்து” என்ற இரு பொத்தான்கள் இருந்தால் செயலியைத் திறக்கவே வேண்டாம். விளம்பர நோக்கமுள்ள அறிவிப்புகளை, பயனர் தானே கேட்டாலொழிய, அனுப்பாதீர்கள்.

பதிவு செய்யும் வசதியை முதல் வாரம் எல்லோரும் பயன்படுத்துகிறார்கள், பிறகு விட்டுவிடுகிறார்கள். ஏன்?

தட்டல்களை எண்ணுங்கள். செயலியைத் திறந்ததிலிருந்து ஒரு இரத்த அழுத்த அளவைச் சேமிக்கும் வரை எத்தனை? மேல் எண், கீழ் எண், நாடித்துடிப்பு மூன்றுக்கும் எண் விசைப்பலகை தானாக வர வேண்டும், மூன்று இலக்கம் முடிந்ததும் அடுத்த கட்டத்துக்குத் தாவ வேண்டும், தேதியும் நேரமும் தாமாக நிரம்பியிருக்க வேண்டும். மேல் எண்ணை விடக் கீழ் எண் அதிகமாக இருந்தால் சேமிக்கும் முன் கேட்க வேண்டும்.

சர்க்கரைப் பதிவில் அலகுதான் வினை. சில கருவிகள் மில்லிகிராமிலும் (mg/dL) சில மில்லிமோலிலும் (mmol/L) காட்டும். மில்லிமோலை 18-ஆல் பெருக்கினால் மில்லிகிராம் ஆகும். மில்லிமோலில் 5.6 என்பது ஏறத்தாழ 100 மில்லிகிராம். மில்லிகிராமுக்கு அமைத்த செயலியில் 5.6 என்று இட்டவருக்கு “ஆபத்தான தாழ்நிலை” என்று சிவப்புத் திரை காட்டினால் அவர் அந்தச் செயலியை அதற்குப் பின் நம்ப மாட்டார். 40-க்குக் குறைந்த எண் வந்தால் அலகை ஒருமுறை உறுதிசெய்யக் கேளுங்கள். உண்மையிலேயே தாழ்ந்திருந்தாலும் எச்சரிக்கை ஒரு தட்டலுக்கு மேல் தாமதிக்கக் கூடாது.

இட்ட எண்ணால் தனக்கு என்ன கிடைத்தது என்பதும் முக்கியம். மருத்துவரிடம் காட்ட ஒரு பக்க அறிக்கை, அதில் தேதி, நேரம், அளவு, சராசரி. அது கிடைக்கும் என்று முதல் நாளே தெரிந்தால் பதிவுக்கு ஒரு காரணம் உண்டு.

நடை எண்ணிக்கை போனில் ஒன்று, கைக்கடிகாரத்தில் ஒன்று காட்டுகிறது என்று சண்டை. எது சரி?

இரண்டும் கணிப்புதான். போன் மேசையில் கிடக்கும்போது நடந்தது அதற்குத் தெரியாது. கையை ஆட்டாமல் வண்டியைத் தள்ளி நடந்தால் கடிகாரம் கோட்டைவிடும். வித்தியாசம் இருப்பதைப் பயனர் பொறுத்துக்கொள்வார். இரண்டையும் கூட்டி இரட்டிப்பாகக் காட்டினால் பொறுக்க மாட்டார். எந்த மூலத்திலிருந்து எடுத்த எண் என்பதைத் திரையில் எழுதுங்கள், ஒன்றைத் தேர்ந்தெடுக்க விடுங்கள். இலக்கையும் அவரே வைத்துக்கொள்ளட்டும். 10,000 என்ற எண்ணே 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடைமானியின் பெயரிலிருந்து பரவியது.

வயதானவர்களுக்கு மதிப்பெண் எப்போதும் குறைவாகவே வருகிறது. அவர்களுக்குத் தொழில்நுட்பம் வராது என்று விட்டுவிடலாமா?

விடக் கூடாது. இந்தச் செயலி யாருக்கு அதிகம் தேவையோ அவர்களைத்தான் விடச் சொல்கிறீர்கள். போனில் எழுத்தளவை மிகப் பெரிதாக்கி உங்கள் செயலியைத் திறந்து பாருங்கள். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. “சேமிக்கவும்” என்பது “சேமிக்…” என்று வெட்டுப்படும், பொத்தான் திரைக்குக் கீழே போய் மறையும். எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1 நிற வேறுபாடு வேண்டும். வெள்ளையில் வெளிர்சாம்பல் எழுத்து இதில் தோற்கும். தொடும் இடம் ஆண்ட்ராய்டில் 48 அலகு, ஐபோனில் 44 புள்ளி என்பது அந்தந்த நிறுவனங்களின் பரிந்துரை. இவற்றைச் சரிசெய்தபின் மறுபடி அளந்துவிட்டு வயதைப் பற்றிப் பேசலாம்.

புதுசா எந்த வசதி சேர்க்கலாம்னு கேட்டா எல்லாமே வேணுங்கறாங்க. எப்படித் தேர்ந்தெடுக்கறது?

ஜப்பானியப் பேராசிரியர் நோரியாகி கானோ 1984-இல் முன்வைத்த முறை இதற்கு உதவும். ஒவ்வொரு வசதிக்கும் இரண்டு கேள்வி: இருந்தால் எப்படி இருக்கும், இல்லாவிட்டால் எப்படி இருக்கும். விடைகள் ஐந்து: பிடிக்கும், இருக்கத்தான் வேண்டும், எப்படியானாலும் சரி, பொறுத்துக்கொள்வேன், பிடிக்காது.

“இருக்கத்தான் வேண்டும்” + “பிடிக்காது” என்றால் அது அடிப்படை வசதி: சரியாக இருந்தால் யாரும் பாராட்ட மாட்டார்கள், கெட்டால் விலகுவார்கள். நினைவூட்டல் சரியான நேரத்தில் வருவது பெரும்பாலும் இந்த வகை. “பிடிக்கும்” + “எப்படியானாலும் சரி” என்றால் இன்ப அதிர்ச்சி தரும் வசதி. இரண்டுக்கும் “எப்படியானாலும் சரி” என்றால் பணத்தை மிச்சப்படுத்துங்கள். “இருந்தால் பிடிக்காது, இல்லாவிட்டால் பிடிக்கும்” என்ற விடையும் வரும். எடைக் குறைப்பை நண்பர்களோடு போட்டியாக்கும் வசதியைச் சோதிக்கும்போது அதைக் கவனியுங்கள். அடிப்படை வசதி ஒன்று ஓட்டையாக இருக்கும்போது புதுமை சேர்ப்பது வீண்.

தனியுரிமை பற்றிப் பயனர்கள் புகாரே எழுதுவதில்லை. அதையும் அளக்க வேண்டுமா?

எழுத மாட்டார்கள், சத்தமில்லாமல் நீக்கிவிடுவார்கள். ஒவ்வொரு அனுமதிக்கும் மறுப்பு எத்தனை சதவீதம் என்று பார்ப்பதே முதல் அளவு. தொடர்புப் பட்டியலைக் கேட்கும் மருந்துச் செயலியை யாரும் சந்தேகிக்கத்தான் செய்வார்கள். தேவைப்படும் நொடியில், ஏன் என்று ஒரு வரியோடு கேளுங்கள். கணக்கை நீக்கும் வழி செயலிக்குள்ளேயே இருக்க வேண்டும். ஆப்பிள் இதை 2022 ஜூன் 30 முதல் கட்டாயமாக்கியது.

பயனர் என்ன செய்கிறார் என்று பதிந்து வெளியே அனுப்பும், உள்ளே பொருத்தியிருக்கும் அலசல் கருவிகளையும் பாருங்கள். ஃப்ளோ என்ற மாதவிடாய்க் கணிப்புச் செயலி, தனிப்பட்டதாக வைப்போம் என்று சொன்ன தகவலை வெளி நிறுவனங்களோடு பகிர்ந்தது என்று அமெரிக்க மத்திய வணிக ஆணையம் குற்றம்சாட்டி 2021-இல் உடன்படிக்கை கண்டது. அங்கே தகவல் போனது, பயனரின் ஒவ்வொரு செயலுக்கும் செயலி இட்டு அனுப்பும் நிகழ்வுப் பெயர்கள் வழியாகவும்தான்: கர்ப்ப வாரத்தைத் தேர்ந்தெடுத்தார் என்று பெயரிலேயே எழுதியிருந்தால் வேறு எதையும் அனுப்பத் தேவையில்லை.

நல்ல அளவு வந்த நேரம் பார்த்து நட்சத்திரம் கேட்டால் மதிப்பு கூடுமே, தவறா?

கூடும். ஆனால் அந்த எண்ணை வைத்து நீங்களே ஏமாறுவீர்கள். “பிடித்திருக்கிறதா?” என்று கேட்டு, ஆம் என்றவரை மட்டும் கடைப்பக்கத்துக்கு அனுப்பும் உத்தியைக் கூகுளின் வழிகாட்டு விதிகள் விலக்குகின்றன. ஆப்பிளின் மதிப்பீட்டுப் பெட்டியோ 365 நாளில் மூன்று முறைக்கு மேல் தோன்றாது. முன்பு சொன்ன வசதிவாரிக் கேள்வியோடு இதைக் கலக்க வேண்டாம்.

புதிய பதிப்பு வந்ததும் திருப்தி விழுந்துவிட்டது. பழையதற்கே திரும்பணுமா?

அவசரப்படாதீர்கள். பழகிய பொத்தான் இடம் மாறினாலே மதிப்பெண் விழும், சில வாரத்தில் ஏறும். புதிதாகச் சேர்ந்தவர்களின் மதிப்பெண்ணைப் பிரித்துப் பாருங்கள்: அவர்களுக்கும் குறைந்திருந்தால் வடிவமைப்பே பிழை. பழையவர்களுக்கு மட்டும் என்றால் பழக்கம்.

எல்லோருக்கும் பிடித்திருக்கிறது, ஆனால் யாருடைய சர்க்கரையும் குறையவில்லை. அப்படியென்றால் திருப்தியை அளந்து என்ன பயன்?

திருப்தியும் பலனும் தனித்தனி அளவுகள். திருப்தி இல்லாத செயலி பயன்படாமல் கிடக்கும், அதனால் பலன் தர வழியில்லை. திருப்தி இருப்பது பலனுக்குச் சான்றாகாது. ஓர் ஆய்வில் இரண்டையும் எடுத்தால் நடுவில் பயன்பாட்டையும் எடுங்கள்: எத்தனை வேளைக்கு நினைவூட்டல் வந்தது, எத்தனைக்கு “எடுத்துவிட்டேன்” அழுத்தினார்கள், அவற்றில் எத்தனை, மருந்துப் பட்டையில் மிஞ்சிய மாத்திரைகளோடு ஒத்துப்போகின்றன. அறிவிப்பை மறைக்கவே “எடுத்துவிட்டேன்” அழுத்துகிறவர்கள் உண்டு. பட்டையில் 10 மிஞ்ச வேண்டிய இடத்தில் 16 இருந்தால், அவரிடம் கேட்க வேண்டிய அடுத்த கேள்வி செயலியைப் பற்றியதாக இருக்காது. அந்த மருந்து அவருக்கு ஒத்துக்கொள்கிறதா என்று மருத்துவர் கேட்க வேண்டும்.